இரண்டு முறை ஒட்டிய சேஸ்: காரைக்குடிப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியில் நான் நடத்தும் பட்டறையில் இரண்டு வண்டிகளை நிறுத்தினால் மூன்றாவது வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும். எஞ்சின் வேலையைவிட, விழுந்து வந்த வண்டிகளை நிமிர்த்துவதே என் பிழைப்பு. இங்கே எழுதுவது நான் ஒழுங்காகச் செய்த வேலையைப் பற்றி அல்ல. முதல் முறை தவறாகச் செய்து, பதினொரு வாரத்தில் அது திரும்பி வந்து, இரண்டாம் முறை திருத்திக்கொண்ட வேலையைப் பற்றி.

வண்டிக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும் சுடும் தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகியவற்றைத் தகர டின்களில் அடைத்து, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டி ஒன்பது வயதான 100 சிசி மோட்டார் சைக்கிள். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டீயரிங் குழாயிலிருந்து எஞ்சினுக்கு மேலாக ஒரு மேல்குழாயும், எஞ்சினுக்கு முன்னால் கீழிறங்கும் ஒற்றை முன்குழாயும் கொண்ட சாதாரண அமைப்பு. பின்னால் கேரியரை ஒரு முழம் நீட்டிப் பற்றவைத்திருந்தார். அதைச் செய்தது நானல்ல. ஆனால் பலமுறை பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

விபத்து நடந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. ஆர்டர் குவியும் காலம். மழை விட்ட மாலையில், கண்மாய்க் கரையோரம் குறுக்கே வந்த மாட்டுக்காக ஒதுங்கியவர், வாய்க்கால் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் முனையில் முன்சக்கரத்தை நேராக மோதிவிட்டார். வேகம் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும் என்றார். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பு முறிந்தது. பத்து நாள் கழித்து அவருடைய மகன் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். காப்பீடு மூன்றாம் நபருக்கானது மட்டும். அதில் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பைசா கிடைக்காது.

முதலில் கண்டவை

முன் ரிம் எட்டுப் போல நெளிந்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டும் வளைந்திருந்தன. இவற்றை மாற்றிவிடலாம். வண்டியின் எலும்புக்கூடான சேஸை அளக்காமல் எதுவும் பேசக்கூடாது என்பதால் டேங்க், வயரிங், எஞ்சின், பின்சக்கரம் என்று எல்லாவற்றையும் கழற்றி, கூட்டை மட்டும் வெளியே எடுத்தோம்.

அளக்க என்னிடம் இருப்பவை கொத்தனாரின் கருவிகள்: நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம். இந்த வேலைக்கு அவை போதும். ஸ்டீயரிங் குழாயின் பேரிங் கிண்ணங்களைத் தட்டி எடுத்துவிட்டு, அதற்குள் இறுக்கமாக உட்காரும் 900 மி.மீ. நீள நேர்க்குழாய் ஒன்றைச் செருகினேன். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட் போகும் துளையில் ஒரு நேர்க்கம்பி. கம்பி ரசமட்டத்தில் நிற்கும்படி கூட்டை நிறுத்திவிட்டு முன்னால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், குழாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். குழாயின் கீழ்முனை இடப்பக்கம் 6 மி.மீ. விலகியிருந்தது. அதே மாடல் வண்டி ஒன்றை வாடிக்கையாளர் ஒருவரிடம் அரைமணி நேரம் இரவல் வாங்கி ஒப்பிட்டேன். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் மையத்திலிருந்து ஸ்டீயரிங் குழாயின் கீழ் விளிம்பு வரையுள்ள நீளம் இவருடைய வண்டியில் 14 மி.மீ. குறைவு.

நேர்மோதலில் சக்கரம் பின்னால் தள்ளப்படும்போது ஸ்டீயரிங் குழாயின் அடிப்பக்கமும் பின்னால் போகும். முன்குழாய் நசுங்கி மடியும்; மேல்குழாயின் அடிவயிறு சுருங்கி, முதுகுப்பக்கம் இழுபடும். இந்த வண்டியில் அப்படியே நடந்திருந்தது. முன்குழாயில், ஸ்டீயரிங் குழாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மடிப்பு. மேல்குழாயின் அடியில் மெல்லிய இரண்டு சுருக்கங்கள், மேலே பெயின்ட் கோடு கோடாக வெடித்திருந்தது. ஸ்டீயரிங் குழாயில் விரிசல் இல்லை. அதில் இருந்திருந்தால் அன்றே கைவிட்டிருப்பேன்.

இப்படி ஸ்டீயரிங் குழாய் செங்குத்தை நோக்கித் திரும்பிவிட்டால் வண்டி ஓடும்; ஆனால் ஹேண்டில் நேர்கோட்டில் தானாக நிற்கும் குணத்தை இழந்து, சிறு கல்லுக்கும் உதறத் தொடங்கும். ஃபோர்க்கையும் ரிம்மையும் மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறைகள் கவனிக்காத இடம் இது.

முதல் முடிவும் அதன் காரணமும்

புதிய சேஸ் வாங்கினால் வண்டியின் மதிப்பில் பாதி போய்விடும். சேஸ் எண் மாறுவதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி, பதிவுப் புத்தகத் திருத்தம் என்று நடக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வேறொரு வண்டியின் சேஸை மாட்டச் சொல்லி அவருடைய மகன் கேட்டார். அந்த எண்ணுக்கு உரிய வண்டி யாருடையது, எப்படி வந்தது என்று தெரியாத கூட்டை நான் தொடுவதில்லை. மிஞ்சியது நிமிர்த்துவதுதான்.

பட்டறையின் பின்சுவரோரம் பழைய இரும்பு உத்திரம் ஒன்று கிடக்கிறது. இடித்த பெரிய வீடு ஒன்றின் சாமான்களோடு முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்கு வந்தது. தூண்களையும் கதவுகளையும் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போக, உத்திரத்தை யாரும் சீண்டவில்லை. எடை போட்ட விலைக்கு எடுத்துத் தரையில் பதித்தேன். என் நிமிர்த்தல் மேடை அதுதான். காலி எஞ்சின் கேஸை அதன் இடத்தில் முடுக்கி, கூட்டை உத்திரத்தோடு கவ்வினேன். எஞ்சின் கேஸ் இல்லாமல் இழுத்தால் எஞ்சின் தாங்கிகள் இடம் மாறும். பிறகு எஞ்சின் உட்காராது. செருகிய குழாயின் அடியில் சங்கிலி கட்டி, 5 டன் ஜாக்கியால் முன்னால் இழுத்தேன். சூடு காட்டாமல், கொஞ்சம் இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுத்து. இரும்பு விட்டதும் பாதி தூரம் திரும்பிப் போகும். இரண்டு நாளில் 14 மி.மீ. குறை 3 ஆகவும், பக்கச்சாய்வு ஒன்றரை மி.மீ. ஆகவும் இறங்கின. அதற்குமேல் இழுத்தால் குழாய் தாங்காது என்று நிறுத்தினேன்.

இதுவரை சரி. இதற்குப் பிறகுதான் தவறினேன்.

முன்குழாயின் மடிப்பை கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சித் தட்டி வட்டமாக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனாலும் மடிந்த இரும்பின் மீது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. அதற்குச் செய்த வைத்தியம்தான் தவறு. ஸ்டீயரிங் குழாயும் மேல்குழாயும் முன்குழாயும் சேரும் இடத்தை 5 மி.மீ. தகட்டால் இருபுறமும் மூடி, 3.15 மி.மீ. ராடில் ஆர்க் வெல்டிங் செய்து சுற்றிலும் ஒட்டினேன். தகட்டின் கீழ்விளிம்பு, முன்குழாயைக் குறுக்கே வெட்டும் நேர்கோடாக, மடிப்புக்கு இரண்டு விரல் மேலே முடிந்தது. வண்டிக்காரர் கட்டுப்போட்ட தோளோடு வந்து அதைத் தட்டிப் பார்த்து, “இனி இந்த இடம் உடையாது, தம்பி” என்றார். அந்த இடம் உடையவில்லை என்பது உண்மைதான்.

மார்கழி தொடக்கத்தில் வண்டியைக் கொடுத்தேன். 40 கிலோவுக்குமேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். தை மாதத்தில் கல்யாணப் பலகாரம் போகும் வீட்டில் அந்தச் சொல் எத்தனை நாள் நிற்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

பதினொரு வாரம் கழித்து

மாசி நடுவில் அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். “முன் பிரேக் பிடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. கோன்செட் லூசாகிவிட்டதா, பாருங்கள் தம்பி” என்றார். ஸ்டீயரிங் குழாயின் பேரிங் தொகுதியான கோன்செட் இறுக்கமாகவே இருந்தது. தகட்டின் கீழ்விளிம்பை ஒட்டி, முன்குழாயில் பெயின்ட்டின் மீது மயிரிழையாக ஒரு துருக்கோடு ஓடியிருந்தது.

துருக்கோடு பெயின்ட் வெடிப்பாகவும் இருக்கலாம். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு டீசல் தடவி அரைமணி நேரம் ஊறவிட்டேன். நன்றாகத் துடைத்து உலர்த்தி, வெள்ளைச் சாக்குக்கட்டியைத் தேய்த்தேன். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடாக எழும். ரயில்வே பட்டறைகளில் அச்சுகளில் விரிசல் தேட எண்ணெயும் சுண்ணப்பொடியும் வைத்துச் செய்த பழைய முறைதான். இப்போது சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பானும் டப்பாவில் விற்கிறார்கள். அது இதைவிடத் துல்லியம். சாக்குக்கட்டி அன்று காட்டியதே எனக்குப் போதுமானதாக இருந்தது: 22 மி.மீ. நீளம், குழாயின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில். அந்த விரிசலோடு அவர் கானாடுகாத்தான் வரை போய் வந்திருக்கிறார்.

“சுமை பின்னால் இருக்கிறது, அப்படியானால் முன்பக்கம் இலகுவாகத்தானே இருக்கும்? அங்கே ஏன் விரிகிறது?” என்று என் பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் மேலே உதைக்கிறது. அப்போது முன்குழாய் இழுபடுகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. அப்போது அதே குழாய் அழுந்துகிறது. சுமை எங்கே இருந்தாலும் பிரேக் பிடித்தால் அதன் எடை முன்னால்தான் தள்ளும். டின்களை உயரமாக அடுக்கியிருந்தால் இன்னும் அதிகம். இழுபட்டு, அழுந்தி, இழுபட்டு, கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல, ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பிரேக்கும் ஒரு தடவை வளைத்துப் பார்க்கிறது. விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. தையில் டேங்க்கின் மீதே ஒரு மாவு மூட்டையையும் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆனால் குற்றத்தைச் சுமையின் மீது மட்டும் போட முடியாது. குழாயின் சுவர் 2 மி.மீ.கூட இல்லை. அதன் மீது 5 மி.மீ. தகட்டை இருபுறமும் ஒட்டினால் தகடு உள்ள பகுதி அசையவே அசையாது. அசைவு முழுவதும் தகடு முடிகிற கோட்டில் வந்து குவியும். அந்தக் கோடு குழாயின் குறுக்கே நேராக இருந்தது. அதே கோட்டில் வெல்டிங்கின் சூடும் பட்டிருந்தது. வெல்டிங் ஓரத்தில் ராடு அரித்த சிறு பள்ளமும் இருந்தது. விரிசல் அந்தப் பள்ளத்தில்தான் தொடங்கியிருந்தது. இரண்டு விரல் தள்ளி, நான் காய்ச்சித் தட்டிய மடிப்பு. இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தவன் நான்.

இரண்டாம் முடிவு

விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளையிட்டு, மேலே வெல்டிங் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். விரிசல் ஓடாமல் நிற்க நுனியில் துளையிடுவது சரியான வழக்கம்தான். ஆனால் அது விரிசலை நிறுத்தும். விரிசல் வந்த காரணத்தை நிறுத்தாது. தகட்டை எடுப்பது, மடிந்த குழாய்த் துண்டை வெட்டி எறிவது, புதுத் துண்டு வைப்பது என்று முடிவு செய்தேன். கூலி வேண்டாம், பொருளுக்கும் வெளி வேலைக்கும் மட்டும் கொடுத்தால் போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சம்மதித்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

தகட்டை கிரைண்டரால் எடுக்க ஒரு முழுப் பகல் ஆனது. வைத்ததைவிட எடுத்ததற்கு நேரம் அதிகம். அடியில் வெல்டிங் நெடுகிலும் ஊசிமுனைத் துளைகள். பழைய பெயின்ட்டையும் கிரீஸையும் முழுவதும் சுரண்டாமல் அடித்த வெல்டிங்கில் புகை அடைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

முன்குழாயை வெட்டியபோது அதன் உள்ளே செம்பொடியாகத் துரு கொட்டியது. மேல்வெட்டில் சுவர் 1.8 மி.மீ., கீழ்வெட்டில் 1.2. உலோக அரிப்பை ஆராய்வதற்குப் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, முதல் முறை குழாயின் உள்ளே எட்டிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். வெட்டுக்கோட்டை நல்ல இரும்பு வரும் வரை இன்னும் கீழே இறக்கினேன்.

புதுத் துண்டு, அதே வெளிவிட்டமுள்ள 2 மி.மீ. சுவர் சீம்லெஸ் குழாய், அதாவது நீளவாக்கில் மூட்டு இல்லாதது. கீழ் இணைப்பில் வெட்டு குறுக்கே நேராக இல்லாமல் சாய்வாக; அப்போது வெல்டிங் கோடு ஒரே வளையத்தில் விழாது. இணைப்புக்கு உள்ளே 120 மி.மீ. நீள உள்குழாய், அதன் இரு முனைகளும் சாய்வாக அறுத்தவை. வெளிக்குழாயில் 8 மி.மீ. துளைகள் நான்கு போட்டு, அவற்றின் வழியே உள்குழாயையும் சேர்த்து ஒட்டினோம். மேல்முனையை ஸ்டீயரிங் குழாயின் வளைவுக்கு ஏற்ப, மீன்வாய் போல அரத்தால் ராவி, வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருத்தினேன். இடைவெளியை ராடால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற சோம்பல்தான் கோணலுக்கு ஆரம்பம்.

வெல்டிங்கை நான் செய்யவில்லை. மாடிப்படிக் கைப்பிடிகளுக்கு எவர்சில்வர் குழாய் ஒட்டுகிற ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். டிக் வெல்டிங்கில் மெல்லிய குழாயை ஓட்டை விழாமல் ஒட்டுவது அவருக்கு அன்றாட வேலை. கேரியரைக் குறைத்ததையும் சேர்த்து 1,200 ரூபாய் வாங்கினார். முதலில் பிடித்து நிறுத்தும் சிறு ஒட்டுகளான புள்ளிகளை எங்கே வைப்பது, எந்த வரிசையில் ஒட்டுவது என்பதை மட்டும் நான் சொன்னேன். எதிரெதிர்ப் பக்கங்களில் புள்ளி, பிறகு அளவு. ஒரு அங்குலம் ஒட்டி ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு அங்குலம். ஸ்டீயரிங் குழாய்க்குள் நேர்க்குழாய் செருகியபடியே இருந்தது. ஒவ்வொரு முறையும் தூக்குக்குண்டு. தண்ணீர் ஊற்றி ஆற்ற யாரையும் விடவில்லை.

தகட்டை விட்டுவிடவில்லை, மாற்றினேன். இந்த முறை 2.5 மி.மீ., இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள மூலையில் மட்டும். ஓரங்கள் உட்குழிந்த வளைவாக, முனைகள் வாழையிலை நுனி போல மெலிந்து குழாயின் நீளவாக்கில் போய் முடியும். வெல்டிங் குழாயின் நீளத்தோடு ஓடும், குறுக்கே எங்கும் வெட்டாது. நுனியைச் சுற்றியும் வராது. தகட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் துளை, அது விறைத்து நிற்காமல் இருப்பதற்காக. வெல்டிங் மேடாக நிற்கும் மணியை கிரைண்டரால் தேய்த்து மழமழப்பாக்கவில்லை. அழகுக்காகத் தேய்த்தால் தாங்கும் இரும்புதான் குறையும்.

சேஸ் எண் ஸ்டீயரிங் குழாயில் பொறித்திருந்தது. முதல் முறை என் தகடு அதற்கு இரண்டு விரல் தள்ளி முடிந்தது அதிர்ஷ்டம். இந்த முறை தொடங்கும் முன்பே படம் எடுத்து, அதன் மேல் டேப் ஒட்டி, கிரைண்டரை அந்தப் பக்கம் போகவிடவில்லை. பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். அன்று எண் தேய்ந்திருந்தால் அவர் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

முன்குழாயின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளை இட்டு, உள்ளே பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிச் சுழற்றி வடித்தேன். பின் கேரியரின் நீட்டலை அறுத்து எடுத்தோம். டின்கள் இப்போது பின்சக்கர அச்சுக்கு மேலே, இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகின்றன. இதற்குத்தான் அவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். ஒரு நடைக்கு நான்கு டின் குறைகிறது, நியாயம்தான். “நான்கு டின்னா, தோளா, அண்ணே?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சம்மதித்தார்.

பின்பு நடந்தது

முதல் மூன்று மாதம் மாதாமாதம், பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்கிறேன். பதினான்கு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு தீபாவளியும் ஒரு தையும் போய்விட்டன. சாக்குக்கட்டியில் கோடு எழவில்லை. மேல்குழாயின் அடியிலிருக்கும் சுருக்கங்கள் அப்படியே இருக்கின்றன. எனக்கு உறுத்தல் தருவது அவைதான். 3 மி.மீ. குறையும் அப்படியே. கையை இலகுவாகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் மிக லேசாக இழுக்கிறது. அவருக்குத் தெரியவில்லை என்கிறார், எனக்குத் தெரிகிறது.

இனி மாற்றிச் செய்வது

மடிந்த குழாயைக் காய்ச்சித் தட்டுவதை விட்டுவிட்டேன். வளைந்தது நிமிரும், மடிந்தது வெட்டி மாற்ற வேண்டியது. குழாயின் சுவரைவிட மிகத் தடித்த தகட்டை வைப்பதில்லை. வாடிக்கையாளர்கள் கனமான தகட்டைக் கேட்கத்தான் செய்வார்கள்; பார்வைக்கு அது தைரியம் தருகிறது. வெட்டி எடுத்த பழைய துண்டை விரிசலோடு உத்திரத்துக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். கேட்பவர்களிடம் அதை எடுத்துக் காட்டினால் பேச்சு அதிகம் வேண்டியிருப்பதில்லை.

சென்ற மாதம் இதேபோல ஒரு வண்டி வந்தது. ஸ்டீயரிங் குழாயிலேயே, பேரிங் கிண்ணம் உட்காரும் விளிம்பில் விரிசல். வேலையை எடுக்காமல் திருப்பி அனுப்பினேன். வேறு எங்கோ ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று கேள்வி.

முறுக்கு வண்டியின் ஒட்டிய பகுதிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறேன், துருக்கோடு விழுந்தால் உடனே கண்ணில் படட்டும் என்று. கறுப்பு வண்டியில் அது கட்டுப்போட்ட கழுத்துபோலத் தெரிகிறது. மற்ற இடத்தோடு சேர்த்துக் கறுப்பு அடித்துக் கொடுக்கும்படி அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் அடிக்கவில்லை.